ஒரு வீட்டுக்குச் சொல்ல ஊர் முழுக்கப் போனேன்

போன பள்ளித் தவணை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், நேரே என் வீட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கையில் இருந்த காகிதத் துண்டைச் சுருட்டிக் கிணற்றுக்குள் போட்டாள். நான் குடிக்கிற தண்ணீர். பிடித்து வைத்துக் கேட்டேன். அழுதாள். பள்ளிக்கூடத்தில் வைத்தியப் பரிசோதனை நடந்ததாம். சுகமான பிள்ளைகளுக்கு வெள்ளைத் துண்டு, குறை கண்ட பிள்ளைகளுக்கு ரோஸ் நிறத் துண்டு. வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கிப் போகவேண்டும். இவளுக்கு ரோஸ். பஸ் நிலையத்தில் இருந்து ஒழுங்கை வரைக்கும் மற்றப் பிள்ளைகள் "ரோஸ், ரோஸ்" என்று கத்திக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார்கள். வாளி விட்டு அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். கடைவாயில் ஒரு சூத்தைப் பல். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி, என்னிடம் படித்தவள்தான், கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், இது மேலிடத்துச் சுற்றறிக்கை. எங்களைப் பேசி என்ன? நீங்கள் அந்தக் காலத்தில எப்படிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. ஆசிரியர் சங்கத்துச் சஞ்சிகையில போடுவம்."

என்னை வெளியே அனுப்புவதற்குச் சொன்னாளோ, உண்மையாகவே சொன்னாளோ தெரியாது. எழுதுகிறேன்.

எனக்கு அழகாக எழுத வராது. இனிமையாகப் பேசவும் வராது. இதில் ஒரு பிள்ளையின் கதை வருகிறது. அந்தப் பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். ஊரின் பெயரையும் எழுதமாட்டேன். திருகோணமலை நகரத்துக்கு வடக்கே கடற்கரை ஊர்கள் பல இருக்கின்றன, அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பெண் என்று எழுதுகிறேன். சில விபரங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.

பயிற்சிக் கலாசாலையில் சுகாதாரம் என்று ஒரு பாடம் இருந்தது. பல்லின் படம் கீறினோம், ஈயின் படம் கீறினோம். பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறது என்று தாயிடம் எப்படிச் சொல்வது என்பதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. முதல் நியமனம் தம்பலகாமத்தில். அங்கே வயல் வெட்டு வந்தால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. யானை வந்தால் ஆசிரியர்களும் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர அங்கே நான் வேறொன்றும் பழகவில்லை. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்க் கொஞ்சக் காலத்தில் என்னைக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரை. தகப்பன்மார் கரைவலை இழுப்பவர்கள், தாய்மார் கருவாடு போடுபவர்கள்.

தலைமையாசிரியர் சிவக்கொழுந்து மாஸ்டர். ஊரில் பெரிய மாஸ்டர் என்பார்கள். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, மழையோ வெயிலோ கையில் குடை. முற்றத்துப் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் மணி. அதை வேறு ஒருவரும் அடிக்க விடமாட்டார். அடித்துவிட்டு, தொண்டையைச் செருமி, "அறிவித்தல்" என்பார். பிறகு பேசாமல் நிற்பார். பிள்ளைகள் அடங்கி, தாய்மார் அடங்கி, மரத்துக் காகமும் அடங்கின பிறகுதான் அடுத்த சொல் வரும்.

வெள்ளிக்கிழமைகளில் பால்மா பங்கிடுவோம். அதற்குத் தாய்மார் வந்து நிற்பார்கள். அப்போதுதான் பெரிய மாஸ்டர் சுகாதார அறிவித்தல் சொல்லுவார்.

"மூன்றாம் வகுப்பு. பேன் உள்ளோர்." பெயர்கள். "சிரங்கு உள்ளோர்." பெயர்கள். "மூக்குச் சிந்தாதோர்." பெயர்கள்.

கொடுமைக்காரர் இல்லை அவர். எல்லாருக்கும் முன்னால் சொல்வதுதான் நேர்மை என்று நம்பினார். தன் பேத்தியின் பெயரையும் அதே குரலில்தான் வாசித்தார். "கமலாதேவி, என் பேத்தி. பேன். கண்டிக்கப்பட்டாள்."

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெட்டையின் பெயர் பேன் வரிசையில் வந்தது. தகப்பன் கரையில் கூட்டாளிகளிடம் பகிடி வாங்கியிருக்கிறான். பின்னேரமே பிள்ளையின் தலையை மொட்டை அடித்துவிட்டான். முடி வளரும் வரைக்கும் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் நேரே பெரிய மாஸ்டரின் மேசைக்குப் போனேன்.

"மாஸ்டர், இனிப் பேர் வாசிக்க வேண்டாம்."

"வாசிக்காமல் விட்டால் தாய் தேப்பனுக்கு எப்படித் தெரியும்?"

"தாய் தேப்பனுக்குத் தெரியத்தான் வேணும். ஊருக்கு என்னத்துக்கு?"

"பேன் என்ன களவெடுத்த சாமானோ, ஒளிச்சு வைக்க?"

"நீங்கள் வாசிக்கிற மாதிரி வாசிச்சால் அப்படித்தான் கேக்குது."

மற்ற ஆசிரியர்கள் குனிந்து கொப்பி திருத்துவது போலப் பாவனை செய்தார்கள். பெரிய மாஸ்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அப்ப நீரே வீடு வீடாப் போய்ச் சொல்லும் பிள்ளை. எனக்கு மணி அடிக்கிற வேலை மிச்சம்."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் போனேன்.

முதல் தரம் ஒரு வீட்டுக்கு மட்டும் போனேன். அந்த வீட்டுப் பொடியனுக்கு வயிற்றில் பூச்சி, மருந்து கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் விசயம். ஆனால் அந்த ஊரில் டீச்சர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் ஒன்று செத்த வீடாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டை பெரிசாகியிருக்கவேண்டும். நான் கதிரையில் இருக்க முன்னமே வேலிக்கு மேலால் தலைகள்.

"என்னவாம்? ஆருக்கு என்ன?"

"அழுற சத்தம் கேக்கயில்லையே."

"பொறடி, டீச்சர் இப்பதானே வந்திருக்கிறா."

தாய் வெட்கத்தில் நான் சொன்னதில் பாதியும் கேட்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் "பூச்சி". பெரிய மாஸ்டரின் மணியே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

கோபத்தோடு யோசித்தேன். எனக்குக் கோபத்தில்தான் யோசனை வரும். ஒரு வீட்டுக்குப் போனால்தானே ஊர் பார்க்கிறது? எல்லா வீட்டுக்கும் போனால்?

ஊரின் வடக்குத் தொங்கலில், கடைசி வீட்டில், தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கிழமையில் சில வீடுகள். ஒரு தவணை முடிய முன்னம் தெற்குத் தொங்கலுக்குப் போய்ச் சேருவேன். அடுத்த தவணை மறுபடியும் வடக்கு. இதற்கு ஒரு முறை வைத்திருந்தேன், அதை மீறியது கிடையாது. ஒரு வீட்டையும் தாண்டக்கூடாது. சண்டைக்கார வீடு, பிள்ளை ஒழுங்காக வராத வீடு, ஒரு குறையும் இல்லாத வீடு, எல்லாம் ஒன்று. ஒரு வீட்டில் கூடநேரமும் இன்னொரு வீட்டில் குறைநேரமும் இருக்கக்கூடாது. கதிரை போட்டால் கதிரையில், பாய் போட்டால் பாயில். தருவதைக் குடிக்கவேண்டும். முதலில் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விசயம் சொல்லவேண்டும், பொய்யில்லாமல். வகுப்பில் என்ன படிப்பிக்கிறோம், விளையாட்டுப் போட்டி எப்போது, தடுப்பூசி எப்போது என்பது அடுத்தது. இவ்வளவும் வேலிக்கு மேலால் ஊர் கேட்கலாம்.

கடைசியாக, "எங்க, கிணத்தைப் பாப்பம்" என்று எழும்புவேன். கிணறு வீட்டுக்குப் பின்னால், குசினிக்கும் அப்பால். தாயும் நானும் மட்டும் போவோம். மூடி இருக்கிறதா, அழுக்குத் தண்ணீர் உள்ளே வடிகிறதா என்று பார்ப்பேன். பேன், சிரங்கு, பூச்சி, காது வடிதல் எல்லாம் அங்கே வைத்துத்தான் சொல்லுவேன். சொல்ல ஒன்றும் இல்லாத வீட்டிலும் கிணற்றடிக்குப் போவேன். அங்கே நின்று தண்ணீரைப் பற்றி ஏதாவது பேசிவிட்டு வருவேன். வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு எல்லா வீடும் ஒரே மாதிரி.

முதல் தவணை ஊருக்குச் சிரிப்பு. ஒரு கிழவர் படலையிலேயே மறித்தார்.

"டீச்சர், எந்தக் கட்சி?"

"கட்சியோ?"

"வீடு வீடா வாறது வோட்டுக்காரர்தானே. சின்னத்தைச் சொல்லுங்கோ, போட்டுவிடுவம்."

"நகம் வெட்டுற கத்தரிக்கோல்தான் சின்னம். முதல்ல உங்கட பேரன்ர நகத்தை வெட்டுங்கோ."

எனக்குக் கிணத்து டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் தவணை சிரிப்பு நின்றது. பிறகு நான் வரும் முறை தெரிந்து தாய்மாரே முற்றம் கூட்டி வைத்தார்கள். ஒரு வீட்டில், உங்கள் மகன் வள்ளத்தின் படம் நன்றாகக் கீறுகிறான் என்று சொன்னதற்கு ஒரு மனுசி அழுதாள். அவனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு நல்ல சொல் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கு வெள்ளி மணி அடித்துப் பெயர் வாசித்தால் இது நடக்குமா?

இனி அந்தப் பிள்ளை. மூன்றாம் வகுப்பு. எனது முறை அந்த வீட்டுக்கு வந்த நாள் தாய் குசினியில் மீன் அவித்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை உள்ளே போய் அடுப்பில் இருந்த சட்டியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள்.

"பார்த்தீங்களோ டீச்சர்?" என்றாள் தாய். "இவள் என்ர இரும்புப் பெட்டை. மூத்ததுகள் சட்டிக்குக் கிட்டப் போகாதுகள். போன கிழமை சின்னி விரல் பொசுங்கிக் கொப்புளம் போட்டுது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறன்."

இடது கைச் சின்னி விரலைக் காட்டினாள். பிள்ளை பெருமையோடு நின்றது. கிணற்றடியில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மூடி போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமை பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கிண்ணியாக்காரர், ஹனிபா என்று பெயர், நான் ஹனிபா நானா என்பேன். சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். பதறாத மனுசர். பிள்ளைகளோடு பேசுவதும் டொக்டரோடு பேசுவதும் ஒரே சத்தத்தில்தான். தேத்தண்ணி கொடுத்துவிட்டு வீடுகளில் கேட்ட கதைகளைச் சொல்லுவது எனது வழக்கம். இரும்புப் பெட்டையின் கதையையும் சிரித்துக்கொண்டு சொன்னேன். அவர் சீனி கலக்குவதை நிறுத்தினார்.

"எந்தக் கை டீச்சர்?"

"இடது கை."

"அந்தக் கையில தேமல் மாதிரி ஏதும் இரிக்கா?"

"தெரியாது. ஏன் நானா?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினார். "அந்தப் புள்ளய மட்டும் கூப்பிட ஏலாது. உங்கட முறைதான். வகுப்பு முழுக்கப் பாப்பம்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பை மரத்தடிக்குக் கூப்பிட்டு வரிசையாக இருத்தினார். பஞ்சை இழுத்து நூல் மாதிரித் திரித்தார். பிள்ளை கண்ணை மூடவேண்டும். அவர் பஞ்சு நுனியால் கையில் தொடுவார். தொட்ட இடத்தைப் பிள்ளை மற்றக் கை விரலால் காட்டவேண்டும். பிறகு இரண்டு மைப்போத்தல்கள், கழுவினவை. ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் பானைத் தண்ணீர். போத்தலைத் தோலில் வைத்து, சூடா குளிரா என்று கேட்பார். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. கள்ளமாகக் கண் திறந்தவன் திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஒரே சிரிப்பு.

அவள் முறை வந்தது. முழங்கைக்குக் கீழே, புறங்கைப் பக்கம், தூசி படிந்த மாதிரி ஓர் இடம். அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது. ஹனிபா நானா அந்த இடத்தில் தொட்டார். இன்னொரு தரம் தொட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"சேர், நீங்கள் இன்னும் தொடவேயில்லையே" என்றாள்.

அவர் முகம் மாறவில்லை. "கெட்டிக்காரி. சரி, கண்ணைத் திறங்க மகள்" என்றார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வரிசையில் இருந்த கடைசிப் பிள்ளை வரைக்கும் அதே மாதிரிச் செய்தார்.

குட்டநோய். ஊரில் பெருவியாதி என்பார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் வரும். தீவு. நோய் கண்டவர்களைக் கொண்டுபோய் விடும் தீவு ஆஸ்பத்திரி. போனவர்கள் திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இப்போது இதற்குக் குளிசை மருந்து வந்துவிட்டது, இது ஆரம்பம், மற்றவருக்குத் தொற்றாத வகை மாதிரித் தெரிகிறது, டொக்டர் ஓம் என்றால் பிள்ளை வீட்டில் இருந்தே குளிசை குடிக்கலாம், பள்ளிக்கூடமும் வரலாம் என்று ஹனிபா நானா சொன்னார். விடாமல் குடிக்கவேண்டும். வருடக்கணக்கில்.

மருந்து பெரிய பிரச்சினை இல்லை. ஊர்தான் பிரச்சினை. இந்தக் கதை வெளியே போனால் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று ஒருவன் வலைக்கயிறு பிடிக்கமாட்டான். தாய் போட்ட கருவாட்டை ஒருவர் வாங்கமாட்டார். மூத்த பெட்டைகள் இரண்டுக்கும் கலியாணம் இல்லை. பிறகு அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு ஓடும். ஓடினால் குளிசை நிற்கும். குளிசை நின்றால் கை போகும்.

பள்ளிக்கூட முறைப்படி பெரிய மாஸ்டருக்குச் சொல்லியாகவேண்டும். சொன்னேன். குடையை மேசையில் வைத்தார். "சரி" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் வாசிக்கும் வாய் அது.

அந்த வீட்டுக்கு முறை வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது. தாண்டிப் போகவும் முடியாது. அதனால் முறையை விரைவாக ஓட்டினேன். அந்தக் கிழமை ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் வரைக்கும் வீடுகள். அந்த வீட்டுக் கிணற்றடியில் தாய் வாளி விட்டுக்கொண்டு நின்றாள். எனக்குச் சுற்றிப் பேச வராது. நோயின் பெயரைச் சொன்னேன்.

கயிறு கையை விட்டுப் போனது. வாளி உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

"தீவுக்கோ?"

"இல்லை. குளிசை. வீட்டிலயே இருக்கலாம்."

"அப்ப அவள் அழாமல் நிண்டது..." என்றாள். பிறகு தன் வாயில் தானே அடித்தாள். "ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டனே டீச்சர்."

"நீங்கள் சொன்னபடியால்தான் கண்டுபிடிச்சது. சொல்லாமல் இருந்திருந்தால் கை போயிருக்கும். சத்தம் போடாதேயுங்கோ, வேலிக்கு அங்கால ஆள் நிக்குது."

அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு, பி.எச்.ஐக்கு, பெரிய மாஸ்டருக்கு. இனி டொக்டருக்கு."

"பெரிய மாஸ்டருக்கோ! ஐயோ, வெள்ளிக்கிழமை வாசிச்சுப்போடுவாரே!"

"வாசிக்க விடமாட்டன்." எப்படி விடாமல் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"இவருக்குச் சொல்லவேணுமோ?"

"அது உங்கட விருப்பம்."

"நல்ல மனுசன்தான். ஆனா ரெண்டு பேணி கள்ளு உள்ள போனால் வாய்க்குக் கதவு இல்லை." கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம். பிள்ளைக்கும் சொல்லாதேயுங்கோ. தேமலுக்கு மருந்தெண்டு சொல்லுவம்."

இதைச் சரி என்று சொல்லுபவர்களும் இருப்பார்கள், பிழை என்று சொல்லுபவர்களும் இருப்பார்கள். தாய் கேட்டாள், நான் ஒத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன்.

டொக்டரிடம் தனியே கொண்டுபோனால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். அதற்கும் அதே முறைதான். சூத்தைப் பல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு தரம் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினேன். பல் பிள்ளைகள் பல்லுக்கு, இவள் பக்கத்து அறைக்கு. திரும்பி வரும்போது எல்லாருக்கும் வாய்க்குள் பஞ்சு. இவளும் எனக்கும் ஒன்று தாங்கோ என்று கேட்டு வாங்கி வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனாலும் கதை கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் பஞ்சு விளையாட்டு நடந்ததை ஒரு பொடியன் வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறான். அந்த வீட்டுக் கிழவனுக்கு வெளியூரில் பெருவியாதி கண்ட சொந்தக்காரன் இருந்திருக்கிறான். பஞ்சால் தொடுவது எதற்கு என்று கிழவனுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பால்மாவுக்குத் தாய்மார் மட்டும் வரவில்லை. தகப்பன்மாரும் வந்தார்கள். முன்னால் கரைவலைச் சம்மாட்டி தம்பிராசா. வலையும் வள்ளமும் அவருடையவை. ஊரில் பாதிப்பேருக்கு அவர்தான் சோறு.

"பெரிய மாஸ்டர், இங்க ஒரு பிள்ளைக்குப் பெருவியாதியாம். ஆரெண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி திங்கட்கிழமையில இருந்து ஒரு பிள்ளையும் வராது."

"சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தின் நடுவில் அந்தத் தாய் நின்றாள். "ஆரெண்டு எங்களுக்குத் தெரியவேணும்! நாங்களும் பிள்ளை பெத்தனாங்கள்தானே!" என்று எல்லாரையும் விட உரத்துக் கத்தியது அவள்தான். என்னை ஒரு தரமும் பார்க்கவில்லை.

நான் முன்னுக்குப் போகக் கால் எடுத்தேன். பெரிய மாஸ்டர் குடையால் மறித்தார். போய் மணி அடித்தார். தொண்டையைச் செருமினார்.

"அறிவித்தல்."

வழக்கம் போல நின்றார். கூட்டம் அடங்கியது. காகமும் அடங்கியது.

"பேர் கேக்கிறியள். நல்லது. நான் பேர் வாசிக்கிறவன்தான். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்டு. ஒரு வீட்டை மட்டும் வாசிக்க ஏலாது. வாசிச்சால் எல்லா வீட்டையும் வாசிப்பன். ஆருக்கு என்ன நோய் வருத்தம், அது எதால வந்தது, எந்த வீட்டில கக்கூசு இல்லை, எந்த வீட்டில பால்மா தேத்தண்ணிக் கடைக்குப் போகுது, எல்லாம். காகிதம் தேவையில்லை, எனக்கு மனப்பாடம். வடக்குத் தொங்கல்ல இருந்து தொடங்கிறன். தெற்குக்குப் போகப் பொழுதுபடும். கதிரை போட்டு இருங்கோ."

வடக்குத் தொங்கல் வீடு சம்மாட்டியாருடையது.

"சம்மாட்டியார் வீடு. பேரன், இரண்டாம் வகுப்பு. இவருக்கு என்னெண்டால்..."

"பொறுங்கோ மாஸ்டர், பொறுங்கோ" என்றார் சம்மாட்டியார்.

"ஏன்? நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"அது வேற கதை, இது வேற கதை."

"எனக்கு ரெண்டும் ஒரே கதை."

பின்னால் இருந்து ஒரு மனுசி, "மாஸ்டர், எங்கட வீட்டை விட்டிட்டு வாசியுங்கோ" என்றாள். ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். பெரிய மாஸ்டர் சிரிக்கவில்லை.

"பி.எச்.ஐ. பார்த்தார். மருந்து வேண்டிய பிள்ளையளுக்கு மருந்து குடுத்தாச்சு. தொத்தும் எண்டால் நான்தான் முதல்ல இந்தக் கதவைப் பூட்டுவன். என்ர பேத்தியும் மூண்டாம் வகுப்பில, மற்றப் பிள்ளையளோட ஒரே வாங்கிலதான் இருக்கிறாள். திங்கட்கிழமையும் இருப்பாள். அறிவித்தல் முடிந்தது. பால்மாவுக்கு வரிசையில வாங்கோ."

வரிசையில் வந்தார்கள். சம்மாட்டியார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கரைக்குப் போனார். திங்கட்கிழமை ஓரிரு பிள்ளைகள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்களும் வந்தார்கள்.

பெரிய மாஸ்டர் என்னிடம் இதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நீர் சொன்னது சரி என்று சொல்லும் மனுசர் இல்லை அவர். நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் பெயர் வாசிக்கவில்லை. மணி அடித்து, செருமி, காகம் அடங்கும் வரை நின்று, "எல்லோரும் நகம் வெட்டவும்" என்பார். அவ்வளவுதான்.

வருடங்கள் போயின. அவள் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகும் குளிசை என் வழியாகத்தான் போனது. முறை வரும்போது கிணற்றடியில் கொடுப்பேன். தாய் அதைப் பால்மாப் பேணியில் போட்டு, மேலே உப்பைப் போட்டு வைப்பாள். கையில் இருந்த இடம் மெதுவாக நிறம் திரும்பியது. இனிப் போதும் என்று டொக்டர் சொன்னார். சின்னி விரலில் உணர்ச்சி முழுக்க வருமோ தெரியாது, கவனித்துக்கொள்ளுங்கள், தோலில் ஏதும் புதிதாகக் கண்டால் உடனே கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். தாய் கவனித்தாள். இப்போது தாய் இல்லை. அவள் சாகும் வரைக்கும் கிணற்றடியைத் தவிர வேறு எந்த இடத்திலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோயில் திருவிழாவில் என்னைக் கண்டால் எல்லாரும் கும்பிடுகிற மாதிரிக் கும்பிட்டுவிட்டுப் போவாள்.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத் துண்டு கொடுங்கள். குறை இல்லாத பிள்ளையின் துண்டிலும் ஏதாவது எழுதுங்கள். அதைவிட நல்லது, வீட்டுக்குப் போங்கள். நேரம் இல்லை என்கிறீர்கள். எனக்கும் இருக்கவில்லை. சுற்றறிக்கை எழுதுபவர் ஒரு நாள் ரோஸ் துண்டோடு பஸ் நிலையத்தில் இருந்து வீட்டுக்கு நடந்து பார்க்கட்டும்.

பழைய பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவார்கள். இப்போது அவர்களுக்கும் பிள்ளைகள். வந்தால் பழைய கதை. பெரிய மாஸ்டரின் குடை, மணி, பஞ்சு விளையாட்டு. பிறகு எப்படியும் ஒருவர் கேட்பார்.

"டீச்சர், அப்ப ஒரு கதை அடிபட்டதே, அது ஆருக்கு?"

பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவள்.

"ஆருக்கும் இல்லை. சும்மா ஊர்க்கதை" என்று எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லுவேன்.

தேத்தண்ணியும் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான். பிடியில்லாத சில்வர் பேணி, அடுப்பில் இருந்து இறக்கினபடி, விளிம்பு வரைக்கும். டீச்சரிடம் போனால் கை பொசுங்கும் என்று பகிடி பண்ணுவார்கள். கோப்பை வாங்கப் பணம் இல்லையோ என்று ஒருவன் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு வந்தான். அலுமாரியில் வைத்திருக்கிறேன், எடுப்பதில்லை.

பேணியை எப்போதும் வந்தவரின் இடது கைப் பக்கத்தால்தான் நீட்டுவேன். வாங்கியதும் எல்லாரும் "ஊ" என்று மற்றக் கைக்கு மாற்றுவார்கள். அவளும் மாற்றுகிறாள்.